மரமற்ற வெளியில் ஒரு நாள்

பிரான்சுக்குப் போய்த் திரும்பிய வாரம், எங்கள் தையல் நிலையத்துப் பெண்கள் என்னைச் சுற்றி அமர்ந்துகொண்டு கேட்ட முதற் கேள்வி, "ஈபிள் கோபுரத்தில ஏறினனீங்களோ மிஸ்?" என்பதுதான். ஏறவில்லை, கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி என்றேன். "அப்ப என்னத்தைப் பார்த்தனீங்கள்?" என்றார் ஒருவர். "ஒரு வெட்டை வெளி பார்த்தனான்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வெட்டை வெளி பார்க்க விமானம் ஏறிப் போகவேண்டுமா, பரந்தனுக்குப் போனால் போதாதா என்றார்கள். நியாயமான கேள்விதான். அன்று தையல் இயந்திரங்களை நிறுத்திவைத்துவிட்டு ஒன்றரை மணித்தியாலம் கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சில விடயங்களை அன்று சொல்ல மறந்துவிட்டேன். ஒன்றைச் சொல்லக் கூச்சப்பட்டேன்.

பாரிசில் வசிக்கும் என் அக்காவுக்கு, அவர் போன புதிதில் பிரெஞ்சு மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஒவ்வோர் ஆண்டும் யூன் மாதத்தில் தன் சிநேகிதி ஒருவருடன் பழைய யாத்திரைப் பாதையொன்றில் சில நாட்கள் நடப்பது அவருடைய வழக்கம். அந்தப் பாதை லு புய் என்னும் நகரில் தொடங்கி ஸ்பெயின் தேசத்திலுள்ள சந்தியாகோ பேராலயம் வரை ஏறக்குறைய 1500 கிலோமீற்றர் செல்கிறது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் அடியார்களை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஒரே மூச்சில் முழுவதும் நடப்பவர்களும் உண்டு, இவர்களைப்போல ஆண்டுக்குச் சில நாட்களாகப் பங்குபோட்டு நடப்பவர்களும் உண்டு. அக்காவுக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை. தங்கையையாவது அனுப்பு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆசிரியை சொன்னதால் நான் போனேன்.

அவர்கள் நடக்க எடுத்த பகுதி ஒப்ராக் மேட்டுநிலம். பிரான்சின் தெற்கு நடுப்பகுதியில் லோசேர், அவெய்ரோன், காந்தால் என்னும் மூன்று மாவட்டங்களும் சந்திக்கும் இடத்தில் இது இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1000 முதல் 1400 மீற்றர் வரை உயரம். மிக உயர்ந்த மேடும் 1469 மீற்றர்தான். நுவரெலியா இதைவிட உயரம். ஆனால் நுவரெலியாவில் தேயிலையும் மரமும் மலைமடிப்புமாகக் கண்ணுக்கு ஒரு மறைப்பு இருக்கும். இங்கே புல், கல், வானம். வேறொன்றும் இல்லை. குளிர்காலத்தில் 'எசீர்' என்று ஊரவர் அழைக்கும் காற்று பனித்தூளை வாரி வீசும்போது நீட்டிய கை தெரியாதாம்.

இந்த நிலம் உருவான கதையை ஆசிரியையின் சிநேகிதிதான் சொன்னார். அவர் ஓய்வுபெற்ற ஒரு தாதி. மேட்டின் அடிவாரக் கிராமமொன்றில் பிறந்தவர். அடியிலே இருப்பது கிரனைற் பாறை. ஏறக்குறைய 90 இலட்சம் முதல் 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நிலவெடிப்புகளினூடாக எரிமலைக் குழம்பு வெளிவந்து அதன்மேல் பரவி உறைந்தது. தோசை மேல் தோசையாக அடுக்கியதுபோல, ஒரு படை ஆற, அதன்மேல் இன்னொரு படை. அதற்கு மிகப் பிந்தி, கடுங்குளிர்க் காலங்களில் மேட்டின்மேல் பனிக்கட்டி ஏறியது. கடைசிக் கடுங்குளிர்க் காலத்தில், அதாவது சில பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், 200 மீற்றர் வரை தடித்த பனிக்கட்டிப் போர்வை இவ்வெளியை மூடியிருந்ததாகக் கூறுகிறார்கள்.

பனிக்கட்டியாறு என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்திருப்போம். மலைப் பள்ளத்தாக்கில் வழிந்துவரும் ஒன்றாகத்தான் அதைப் படங்களில் காட்டுவார்கள். இங்கே இருந்தது மேட்டின் தலையில் கவிழ்த்த தொப்பி போன்றது. தன் பாரத்தினாலேயே அது மெல்ல மெல்ல வெளிப்புறமாக நகர்ந்திருக்கிறது. நகரும்போது அடியிலுள்ள பாறையை அரத்தால் அராவுவதுபோல அராவித் தட்டையாக்கியது. பெயர்ந்த கற்களைச் சுமந்துகொண்டு போனது. உருகியபோது சுமையை அந்தந்த இடத்திலேயே போட்டுவிட்டது. அதனால்தான் கறுத்த எரிமலைப் பாறை நிலத்தில், எங்கிருந்தோ வந்த சாம்பல்நிறக் கிரனைற் பாறாங்கற்கள் சம்பந்தமில்லாமல் தனித்தனியே குந்தியிருக்கின்றன. குடைபட்ட பள்ளங்களில் நீர் தேங்கிச் சிறு ஏரிகளும் சதுப்புகளும் உண்டாயின.

நடைக்கு முதல் நாள் மாலை 'தெரோக்' என்ற நீர்வீழ்ச்சிக்கு அழைத்துப் போனார்கள். 30 மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. விழும் இடத்தில் பாறை ஒழுங்கான கற்றூண்களாகப் பிளந்து நிற்கிறது. யாரோ தச்சன் செதுக்கியது போன்ற ஒழுங்கு. எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது வெடிக்கும். கோடையில் நம் குளத்தடிச் சேறு கட்டம் கட்டமாக வெடிப்பது இதே காரணத்தினால்தான். அங்கே அந்த வெடிப்பு ஆழமாக இறங்கித் தூண்களாகிவிட்டது.

நாங்கள் நடந்தது நாஸ்பினால் கிராமத்திலிருந்து சென் ஷெலி கிராமம் வரையான 17 கிலோமீற்றர். யாத்திரைப் பாதையின் இத்துண்டும் வேறு சில துண்டுகளும் 1998ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாஸ்பினாலில் எரிமலைக் கல்லால் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு சிலை. பியெர் பிரியூட் என்ற மனிதருடையது (1832–1907). வீதி திருத்தும் தொழிலாளியாக இருந்தவர், முறிந்த எலும்பையும் விலகிய மூட்டையும் கைப்பழக்கத்தால் சரிசெய்து பேர் பெற்றார். தூர இடங்களிலிருந்தெல்லாம் சனம் தேடி வந்ததாம். சிலையோடு, குணமானவர்கள் விட்டுச் சென்ற ஊன்றுகோல்களையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். நமது முறிவு வைத்தியர்களில் யாருக்கு இப்படி ஒரு சிலை இருக்கிறது என்று யோசித்தேன்.

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். சப்பாத்து அக்காவுடையது, ஒரு சைஸ் பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டுச் சமாளித்தேன். மழையங்கி, தண்ணீர், பாண், சீஸ். தாதியம்மா எங்கள் இருவர் கழுத்திலும் ஆளுக்கொரு விசிலை நூலில் கட்டித் தொங்கவிட்டார். பாதையடையாளங்களையும் காட்டித் தந்தார். வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் சரியான வழி. அவை ஒன்றையொன்று வெட்டிப் புள்ளடி போட்டிருந்தால் பிழையான வழி, திரும்ப வேண்டும். மரம் இல்லாத இடத்தில் இவற்றை எங்கே எழுதுவது? வேலிக்கட்டையிலும் கல்லிலும் எழுதியிருக்கிறார்கள். முற்காலத்தில் பனி மூடினாலும் தலை தெரியும்படி வழிநெடுக நெடுங்கற்களை நாட்டியிருந்தார்கள். அவற்றில் சில இன்னும் நிற்கின்றன.

கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களும் முட்கம்பி வேலிகளும் கடைசிவரை கூட வருகின்றன. இடையிடையே படலைகள். திறந்தவர் கட்டாயம் சாத்திக் கொளுவிவிட வேண்டும். உள்ளே மாடுகள் நிற்கும். ஒப்ராக் மாடு என்று தனி இனம். கோதுமை நிறம், நீண்ட கொம்பு, கண்ணைச் சுற்றி மைதீட்டியது போலக் கறுப்பு. மே மாதக் கடைசியில் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றி, ஒக்ரோபர் நடுப்பகுதியில் இறக்குவார்கள். மந்தையோடு ஏறிய ஆட்கள் 'பூரோன்' என்னும் கற்குடில்களில் தங்கிப் பாற்கட்டி செய்தார்கள். முதலில் கன்றை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் தாயின் முன்காலில் கன்றைக் கட்டிவிட்டுக் கறப்பார்களாம். கன்றுகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு பொடியன் இருந்தானாம். இதைத் தையல் நிலையத்தில் சொன்னபோது, "உது எங்கட முறையெல்லோ" என்று நான்கைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

அந்தக் குடில்களில் ஆண்கள் மாத்திரமே இருந்தார்கள். பழைய புகைப்படங்களிலும் அவர்கள்தான் வாளியோடும் தொப்பியோடும் நிற்கிறார்கள். பெண்கள் கீழே வீட்டையும் பிள்ளைகளையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அவர்களைப் படமெடுத்தவர்கள் குறைவு. சமூகவியல் படித்தவளுக்கு எங்கே போனாலும் இந்தக் கணக்கெடுக்கும் பழக்கம் விடாது.

இந்த வெளியில் மரம் இல்லாமற் போனதற்குக் குளிரை மாத்திரம் குறைசொல்ல முடியாது. ஒரு காலத்தில் இங்கே பெரும்பகுதி பீச் மரக்காடாக இருந்திருக்கிறது. மேய்ச்சலுக்காக மந்தைக்காரரும் துறவிகளும் வெட்டி வெட்டித்தான் இது இப்படி ஆனது.

நாஸ்பினாலை விட்டு ஒரு மணித்தியாலம் ஏறியிருப்போம். திரும்பிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் ஒரு மறைப்பும் இல்லை. வானம் நேரே தலையில் இறங்கியிருக்கிறது. இதைத்தான் சொல்லக் கூச்சப்பட்டேன் என்றேன். அந்த அழகான இடத்தில், மஞ்சளும் வெள்ளையுமாகப் பூப்பூத்துக் கிடந்த புல்வெளியில், என் கண் தானாகவே பதுங்கக்கூடிய பள்ளத்தைத் தேடத் தொடங்கியது. அந்த மதில் ஓரம் படுக்கலாம், அந்தக் கல்லுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கலாம் என்று மனம் அளந்தது. 2009இல் எனக்குப் பள்ளிக்கூட வயது. வெட்டை என்றால் ஓடிக் கடக்கிற இடம், நிற்கிற இடம் அல்ல. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு மேலும் விளக்கத் தேவையில்லை. உளவளத்துணைப் பயிற்சிகளில் இதையெல்லாம் மற்றவர்களுக்கு விளக்கியவள்தான் நான். தெரிந்திருப்பதனால் கால் நடுங்காமல் இருப்பதில்லை.

ஆசிரியை கவனித்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் என் இடப்பக்கமாக வந்து, வேகத்தைக் குறைத்து நடந்தார். வலப்பக்கம் மதில். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஒழுங்கானது.

பத்து மணிக்கு மேல் பனிப்புகார் வந்தது. கடற்கரையில் காலையில் வருகிற மாதிரி மெல்ல வரவில்லை. மேட்டின் விளிம்பில் வெள்ளையாக எழுந்தது தெரிந்தது, சப்பாத்து நூலைக் கட்டக் குனிந்து நிமிர்வதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. முன்னால் போனவர்கள் நான் பின்னால் வருவதாக நினைத்துப் போய்விட்டார்கள். பாதை என்று நினைத்து நான் நடந்தது மாடு போட்ட தடம். ஐந்தாறு நிமிடம் நடந்திருப்பேன். ஒரு வேலிக்கட்டையில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளடி. பிழையான வழி.

அங்கேயே நின்றேன். கழுத்தில் விசில் தொங்குகிறது. அதை ஊத வேண்டும் என்பது தெரியும். ஆனால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. பயம் வந்தால் சத்தம் போடக்கூடாது, பிள்ளையின் வாயைப் பொத்து, இருமலை அடக்கு என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பாடம் அவ்வளவு ஆழமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. எங்கோ மாட்டுக் கழுத்து மணி கேட்டது. பிறகு தூரத்தில் விசில், மூன்று தரம். நிற்கும். மறுபடி மூன்று தரம். எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ கேட்டபோதுதான் நானும் ஊதினேன். முதல் ஊதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவதில் சத்தம் வந்தது. அதன்பிறகு அவர்கள் ஊத நான் ஊத, புள்ளடிக் கட்டையை விட்டு அசையாமல் நின்றேன். தாதியம்மா மதிலைத் தடவித் தடவி வந்து சேர்ந்தார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்றாயே, அதுதான் சரி என்றார். எனக்கு அழுகை வந்தது. எல்லாமாக இருபது நிமிடம்கூட இராது.

நண்பகலளவில் ஒப்ராக் என்ற சிற்றூரை அடைந்தோம். மேட்டுநிலத்துக்குப் பெயர் தந்த ஊர். 1300 மீற்றர் உயரத்தில் சில வீடுகள், ஒரு கோபுரம், ஒரு தேவாலயம், அவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இது பெரிய மடம். ஏறக்குறைய 1120ஆம் ஆண்டில் பிளாண்டர்ஸ் நாட்டுப் பிரபுவான அடலார் என்பவர் இதைத் தொடக்கினார். அவர் யாத்திரை போகும்போது இவ்விடத்தில் கள்வரிடம் அகப்பட்டார் என்றும், கள்வர் கொன்ற யாத்திரிகரின் தலைகளை ஒரு குகையில் கண்டார் என்றும், திரும்பி வரும்போது பனிப்புயலில் சிக்கினார் என்றும், தப்பினால் இங்கே ஒரு மடம் கட்டுவதாக நேர்ந்தார் என்றும் கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு உண்மையோ, மடம் உண்மை. பிரெஞ்சுப் புரட்சிவரை, ஏறக்குறைய 670 ஆண்டுகள் அது இயங்கியது. வருபவருக்கு வாசலில் பாண் கொடுத்தார்கள். நோயாளிகளைப் பார்த்தார்கள். துறவிகளோடு பாதையைக் காவல்செய்யும் வீரர்களும் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். யாத்திரிகரின் பாதங்களைக் கழுவுவதும் படுக்கை விரிப்பதும் அந்தப் பெண்களின் பொறுப்பு. தேவாலயத்தின் பெயர் ஏழைகளின் மாதா.

அங்கேதான் அந்த மணி இருந்தது. வழி தவறியோரின் மணி என்று பெயர். இரவிலும் பனிப்புகாரிலும் பனிப்புயலிலும் அதை அடிப்பது மடத்தின் கடமை. வெளியில் யாரும் இருக்கிறார்களா, இல்லையா என்று தெரிந்துகொண்டு அடிப்பதில்லை. இருக்கக்கூடும் என்பதற்காக அடிப்பது. வழி தவறியோரைத் திருப்பி அழை என்று பொருள்படும் இலத்தீன் சொற்களை மணியிலேயே பொறித்திருந்தார்களாம். தேவாலயத்தின் உள்ளே தடித்த சுவர், இருட்டு, நல்ல குளிர். அங்கே நீண்ட நேரம் இருந்தேன்.

இதை நான் தையல் நிலையத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தலை நிமிர்ந்தார். அவருடைய மகன் 2009இலிருந்து இல்லை. 2017ஆம் ஆண்டிலிருந்து வீதியோரப் பந்தலில் மகனின் படத்தோடு இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

"எவ்வளவு நேரம் அடிப்பினம் பிள்ளை?"

"புகார் விலகுமட்டும் அடிப்பினமாம் அம்மா."

"ஆரும் வராட்டி?"

"வராட்டியும் அடிப்பினம்."

அவர் கொஞ்ச நேரம் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாங்களும் அடிச்சுக்கொண்டுதான் இருக்கிறம்" என்றார். பிறகு, "சாப்பாடு என்ன தந்தவை?" என்று கேட்டார். சொன்னேன்.

சாப்பாடு 'அலிகோ'. உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெண்ணெய், உள்ளி, புதுப் பாற்கட்டி சேர்த்து, பெரிய மரக்கரண்டியால் கிண்டிக் கிண்டி இழுப்பார்கள். நூல்போல ஒரு முழம் இழுபடும். மடத்தில் யாத்திரிகருக்குக் கொடுத்த பாணும் பாற்கட்டியும் கலந்த கஞ்சியிலிருந்து வந்தது என்கிறார்கள். உருளைக்கிழங்கு பிறகுதான் சேர்ந்தது. ஒரு கரண்டி போதும், வயிறு கல்லாகிவிடும். நான் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, பிறகு நடக்கும்போது அவதிப்பட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாதியம்மா தன் பாட்டன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். இந்த மேட்டில் எல்லோருக்கும் பிழைப்பு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் பாரிசுக்குப் போனார்கள். முதலில் வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தார்கள், பிறகு நிலக்கரி சுமந்தார்கள். நிலக்கரிக் கடையோடு சேர்த்துச் சிறு மதுக்கடை வைத்தார்கள். கணவன் மூட்டையோடு படியேற, மனைவி கடையில் நின்று ஊற்றிக் கொடுப்பாள். கரி படிந்த அந்தச் சனத்தைப் பாரிஸ்காரர் கேலிப்பெயர் வைத்து அழைத்தார்கள். அப்படித் தொடங்கியவர்களின் சந்ததியினர்தான் பிற்காலத்தில் பாரிசின் எத்தனையோ கோப்பிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் முதலாளிகளானார்கள். என் அத்தான் பாரிசில் இறங்கிய முதல் ஆறு வருடமும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவியவர். நம் பிள்ளைகள் பலரும் அப்படித்தானே. அவர் கழுவிய கோப்பைகளின் முதலாளி எந்த மேட்டிலிருந்து இறங்கிய குடும்பமோ என்று எண்ணிக்கொண்டேன். ஊரில் விட்டுவந்த மனைவிமார் என்ன செய்தார்கள் என்று தாதியம்மாவைக் கேட்டேன். "காத்திருந்தார்கள், மாடு பார்த்தார்கள்" என்றார். சிலர் கூப்பிடப்பட்டார்கள், சிலர் கூப்பிடப்படவில்லை.

ஒப்ராக்கிலிருந்து சென் ஷெலி வரை எட்டுக் கிலோமீற்றர் முழுக்க இறக்கம். 500 மீற்றர் இறங்க வேண்டும். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். எரிமலைக் கற்கள் காலடியில் உருளுகின்றன. பாதிக்குப் பின்னர் பீச் மரங்கள் தொடங்கின. நிழலுக்குள் போனதும் மூவருமே ஒன்றும் பேசவில்லை. நான் திரும்பி அந்த வெளியை இன்னொரு முறை பார்க்க விரும்பினேன், அதற்குள் மரங்கள் மறைத்துவிட்டன.

சென் ஷெலியில் ஒரு பழைய கற்பாலம். அதன் சிலுவைக்கல்லில் தடியூன்றிய ஒரு யாத்திரிகரைச் சிறிதாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாலத்தின் கீழ் ஓடிய ஆற்றில் கால் வைத்தேன். ஐஸ். இரண்டு குதிக்காலிலும் கொப்புளம் உடைந்திருந்தது. தாதியம்மா ஒரு கல்லில் அமர்ந்து, என் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்து, துடைத்து, பிளாஸ்டர் ஒட்டினார். வேண்டாம் அம்மா என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கவில்லை. சப்பாத்தை அளந்து பார்த்து, அடுத்தமுறை உன் அளவிலேயே வாங்கிக்கொண்டு வா என்றார். விசிலை மட்டும் திருப்பி வாங்கவில்லை. இப்போது அது எங்கள் நிலையத்தில், கத்தரிக்கோல் கொளுவும் ஆணியில் தொங்குகிறது.